துவரம்பருப்பு அளவு பேஸ்ட்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். சேவூரிலிருந்து மாற்றுச் சட்டை இல்லாமல் திருப்பூருக்கு வந்தேன். பனியன் மடிக்கிற வேலையில் சேர்ந்து, கட்டிங் மேஜைக்கு அடியிலேயே படுத்து எழுந்து, இரண்டு பழைய நிட்டிங் மெஷின் வாங்கி, அதை நாலாக்கி, எட்டாக்கி, தகரக் கொட்டகையை மூன்று மாடியாக்கினேன். கூட்டுச் சேர்ந்த மச்சினன் பாதியில் விட்டுவிட்டு ஓடியபோதும் அசரவில்லை. இங்கிலீஷில் என் பெயரைத் தவிர வேறெதுவும் எழுதத் தெரியாமலே வெள்ளைக்காரக் குழந்தைகளுக்குச் சட்டை மாட்டிவிட்டேன். அப்பேர்ப்பட்ட என்னை, என் கம்பெனிக்குள்ளேயே, "அங்கிட்டுத் தள்ளி நின்னு மூச்சு விடுங்க அண்ணாச்சி" என்று சொல்லத் துணிந்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான்.

அவர் பெயர் பருப்பு. பெற்றவர்கள் வேறு ஏதாவது வைத்திருப்பார்கள், யாரும் விசாரித்ததில்லை. திருநெல்வேலிப் பக்கத்து ஆள். கம்ப்யூட்டர் மெக்கானிக். குடைக்கம்பிக்குச் சட்டை போட்ட மாதிரி இருப்பார்.

கம்ப்யூட்டருக்குள் கிராபிக்ஸ் கார்டு என்று ஒன்று உண்டு. திரையில் படம் காட்டுவது அதன் வேலை. வேலை செய்தால் சூடாகும். சூட்டை இறக்க அதன் சில்லுக்கு மேல் ஒரு அலுமினியக் கட்டியும், ஒரு குட்டி ஃபேனும் உட்கார்ந்திருக்கும். சில்லுக்கும் கட்டிக்கும் நடுவில் வெள்ளையாக ஒரு பேஸ்ட். அது காய்ந்து சுண்ணாம்பாகிவிட்டால் துடைத்தெடுத்துப் புதிதாக வைக்க வேண்டும். மற்ற மெக்கானிக்குகள் இதை போனில் பேசிக்கொண்டே முடித்துவிடுவார்கள். நம் ஆள் கும்பாபிஷேகம் மாதிரி செய்வார். எவ்வளவு பேஸ்ட் வைக்க வேண்டும் என்று யாராவது கேட்டுவிட்டால் போதும்.

"தொவரம்பருப்பு அளவு. அதுக்கு மேல போச்சுன்னா அது பேஸ்ட் இல்ல, சட்னி."

இதைச் சொல்லிச் சொல்லியே பருப்பு ஆனார்.

தலைமுடி கார்டில் விழக்கூடாது என்று, பெண்கள் குளிக்கும்போது போடுகிற பிளாஸ்டிக் தொப்பியை மாட்டிக்கொள்வார். கார்டைத் தொடுமுன் ஜன்னல் கம்பியை மூன்று தரம் தொடுவார். உடம்பிலுள்ள கரண்டை இறக்குகிறாராம். பின்னாளில் எங்கள் கணக்குப்பிள்ளை அதைச் சாமி கும்பிடுவதாக நினைத்து, தானும் தினம் காலையில் கம்பியைத் தொட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்ள ஆரம்பித்தார். ஒரு கம்பெனியில் தூசி இல்லாத இடம் முதலாளியின் ஏ.சி. அறைதான் என்று கண்டுபிடித்து, முதலாளியை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த முதலாளி ஒன்றரை மணி நேரம் வாட்ச்மேன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கேட்டுச் சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

என் முறை இரண்டாயிரத்து எட்டு வாக்கில் வந்தது. சட்டையில் அச்சடிக்கிற படம் வரைய ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்கலாம் என்று நிட்டிங் மெஷின்களுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். அன்றைக்கு மாலை நாலு மணிக்குள், குழந்தைச் சட்டைக்கான யானைப் படத்தை முடித்து வெளிநாட்டுக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். தவறினால் ஆர்டர் அடுத்த தெருக்காரனுக்கு. நம் கம்ப்யூட்டரோ கால் மணிக்கொரு தரம் கண்ணை மூடிக்கொண்டது. படம் வரைகிற சாஃப்ட்வேர் அந்த ஒன்றில்தான் இருந்தது. டிசைனர் ஸ்டெல்லா அழாத குறை. வேறு மெக்கானிக் கிடைக்காமல் பருப்பைக் கூப்பிட்டேன்.

வந்தார். தொப்பி போட்டார். கம்பியைத் தொட்டார். பெட்டியைத் திறந்தார். உள்ளே ஃபேனே தெரியவில்லை, முழுக்கப் பஞ்சு.

"அண்ணாச்சி, இது கம்ப்யூட்டரா, தலையணையா?"

"சீக்கிரமாப் பாருங்க. நாலு மணிக்குப் போகோணும்."

"மொதல்ல நிட்டிங்க நிறுத்துங்க. பஞ்சு பறக்கு."

"ஏனுங்க, எங்கய்யன் செத்தன்னைக்கே நான் மெஷினை நிறுத்துலீங்க!"

"அப்போ இன்னைக்கு நிறுத்துங்க."

நிறுத்தினேன். எட்டு மெஷினும் ஒரே நேரத்தில் அடங்கியதை அன்றுதான் கேட்டேன். பஞ்சை எடுத்தார். கட்டியைக் கழற்றினார். பழைய பேஸ்டைத் துடைக்க அவர் வைத்திருந்த மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணி, ஒரே இழுப்பில் கருப்பாகிவிட்டது. உடனே நான் எங்கள் துணியை நீட்டினேன். ஸ்பிரிட் தொட்டு ஓரத்தில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"பஞ்சு உதிருது. வேண்டாம்."

"இது காம்ப்டு காட்டனுங்க, சீவிச் சுத்தம் பண்ணுன பஞ்சு. ஜெர்மனிக்காரன் மோந்து பாத்து ஓகே பண்ணுனது."

"ஜெர்மனிக்காரன் போட்டுக்கிடட்டும். சில்லுக்கு ஆகாது."

இன்டர்லாக் ரகத் துணி கொடுத்தேன். ரிப் ரகம் கொடுத்தேன். எல்லாவற்றையும் தள்ளினார். எத்தனையோ தேசத்துக்காரர்கள் தடவிப் பார்த்துப் பாராட்டிய துணியை, குளியல் தொப்பி போட்ட ஒரு ஆள் ரிஜெக்ட் செய்கிறார்! "கண்ணாடிக் கடைக்குப் போயி நல்ல துணி வாங்கிட்டு வாரேன். ஒருத்தரும் கை வைக்கப்படாது" என்று கிளம்பிவிட்டார்.

மணி ஒன்றேகால். நாற்பது வருஷம் துணியில் புரண்டவனுக்குத் துடைக்கத் தெரியாதா?

"ஐயா, அவரு வந்திரட்டுமே" என்றாள் ஸ்டெல்லா.

"நீ சும்மா இரு கண்ணு."

எங்கள் இன்டர்லாக்கிலேயே பளபளவென்று துடைத்தேன். தாராளமாக வைத்தால் தாராளமாக வேலை செய்யும் என்பது என் தொழில் அனுபவம். அவர் வைத்துவிட்டுப் போன பேஸ்ட் டியூபில் பாதியைப் பிதுக்கி, தோசைக்கு எண்ணெய் விடுகிற மாதிரி பரப்பி, நாலு திருகாணியையும் இறுக்கினேன். கம்ப்யூட்டரைப் போட்டோம். யானை வந்தது. யானை மேல் கோடு கோடாக வந்தது. ஐந்தே நிமிடத்தில் இருட்டு. முன்பாவது கால் மணி நேரம் தாங்கியது.

பருப்பு திரும்பியபோது மணி இரண்டரை. கண்ணாடிக் கடைக்காரர் சாப்பிடப் போய்விட்டாராம். காத்திருந்தும் துணி கிடைக்கவில்லை. கார்டைத் திறந்தார். நாலு பக்கமும் பேஸ்ட் வழிந்து, அதில் பஞ்சு ஒட்டி, குட்டி போட்ட முயல் மாதிரி இருந்தது.

"யாரு கை வச்சது?"

ஸ்டெல்லா மேற்கூரையைப் பார்த்தாள். அவர் டியூபைத் தூக்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, பல்லு தேச்சியளோ?"

மெஷின்காரர்கள் அத்தனை பேரும் சும்மா நின்றிருந்த நாள் அது. அத்தனை பேரும் சிரித்தார்கள்.

பிறகு அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "துணிக்குப் பேர்போன ஊரு. தொடைக்க ஒரு சாண் துணி இல்ல. நான் என்ன செய்ய?" அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. ஆர்டர் போய்விடும்.

அப்போதுதான் என் கண்ணில் பட்டது வாஷ்கேர் லேபிள் ரோல். எப்படித் துவைக்க வேண்டும் என்று அச்சடித்துச் சட்டைக்குள் தைப்போமே, அந்த வழவழ நாடா. பாலியெஸ்டர் சாட்டின். பஞ்சே கிடையாது. அச்சடிக்காத ரோல் ஒன்றை எடுத்து நீட்டினேன். ஒரு துண்டில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். லென்ஸ் வைத்தார். வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

"இத ஏன் மொதல்லயே தரல?"

நன்றி சொல்லத் தெரியாத ஜென்மம். நாலு முழம் லேபிளைக் காலி செய்து என் சட்னியைத் துடைத்தெடுத்தார். ஒரு பருப்பளவு பேஸ்ட் வைத்தார். திருகாணிகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். யானை வந்தது, வந்தது அப்படியே நின்றது. நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஸ்டெல்லா படத்தை அனுப்பினாள். ஆர்டர் எங்களுக்கே கிடைத்தது.

அதற்கப்புறம்தான் அநியாயம். பருப்பு போகிற கம்பெனியிலெல்லாம் பையிலிருந்து லேபிள் ரோலை எடுத்து, "இது நான் கண்டுபிடிச்சது" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். பொங்கலூரில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் மாட்டினார். விடுவேனா?

"ஏனுங்க, லேபிள் யோசனை ஆருதுங்க?"

"கதைய முழுசாச் சொல்லணும்னா டியூபுல இருந்து ஆரம்பிக்கணுமே அண்ணாச்சி. ஆரம்பிக்கட்டுமா?"

வாயை மூடிக்கொண்டு ஜாங்கிரி தின்றேன். இத்தனை வருஷமாகத் தின்றுகொண்டிருக்கிறேன்.

இப்போது டியூப் கதையை நானே எழுதிவிட்டேன். இனி மிரட்ட அவரிடம் ஒன்றுமில்லை. ஆகவே, லேபிளில் துடைக்கிற யோசனை என்னுடையது என்று பருப்பு நாலு பேர் அறியச் சொல்லியாக வேண்டும். ஒரு ரோல் நெடுக என் பெயரை அச்சடித்து அவருக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். ஆள் வெள்ளகோவில் பக்கம் போய்விட்டதாகச் சொல்கிறார்கள். யாராவது பார்த்தால் சொல்லுங்கள், நேரில் வந்து, என் பெயரைச் சொல்லி வாங்கிக்கொண்டு போகட்டும். சாப்பாட்டு நேரத்துக்கு வந்தால் இன்னும் நல்லது.