மாநிறம் என்று எழுதியவர்

சிங்கப்பூர்த் தமிழர்களில் யாருக்கு யார் என்ன உறவு என்பது கடவுளுக்குத் தெரியும். கடவுளுக்கே சந்தேகம் வந்தால் எங்கள் ஆஸ்பத்திரி ரெக்கார்ட் ரூமுக்கு வந்து சம்பந்தியைக் கேட்டுவிட்டுப் போவார்.

சம்பந்தி என்பது நாங்கள் வைத்த பெயர். நோயாளிகளின் ஃபைல்களை அடுக்கி வைக்க அரசாங்கம் அவரை நியமித்திருந்தது. அவரோ, தான் கல்யாணம் பேசுவதற்காக அரசாங்கம் செலவு செய்து ஓர் ஆபீஸ் கட்டிக் கொடுத்திருப்பதாக நினைத்துக்கொண்டார். கேட்ட ஃபைல் கைக்கு வர அரை மணி நேரம் ஆகும். அந்த நோயாளியின் அத்தை மகளை எங்கே கட்டிக் கொடுத்தார்கள் என்ற விவரம் மட்டும் நின்ற இடத்திலேயே கிடைத்துவிடும்.

நான் நரம்பு வார்டில் நர்ஸ். கல்யாணம் ஆகாதவள் வேறு. விடுவாரா?

"சிஸ்டர், புக்கிட் பாஞ்சாங்ல ஒரு பையன் இருக்கான். ஸ்கூல் வாத்தியார். உங்க அம்மா பக்கம் யாருக்காச்சும் சக்கரை உண்டா?"

"அண்ணே, நான் ஃபைல் வாங்க வந்தேன்."

"ஃபைல் எங்க ஓடிடப் போவுது லா? சக்கரை உண்டா இல்லையா, அதச் சொல்லுங்க."

அவரிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. குடும்பத்துக்கு ஒரு பக்கம். தாத்தா முதல் பேரன் வரை கோடு போட்டு இணைத்து, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் நிறம், நடை, குணம், எதனால் செத்தார் என்பது வரை எழுதி வைத்திருப்பார். நிறத்தில் அவரை யாராலும் அசைக்க முடியாது. சிவப்பு, மாநிறம், கறுப்பு, 'போட்டோவில் மட்டும் சிவப்பு' என்று தரம் பிரித்திருந்தார். ஒருநாள் என் பக்கத்தை எட்டிப் பார்த்துவிட்டேன். 'மாநிறம். வாய் அதிகம்.' இரண்டு வாரம் அவரோடு பேசவில்லை. அவர் அதை 'கோபமும் உண்டு' என்று சேர்த்து எழுதிக்கொண்டார்.

எண்பதுகளின் நடுவில் எங்கள் வார்டில் இரண்டு தமிழர்கள் படுத்திருந்தார்கள். ஏழாம் கட்டிலில் ஆன்டனி, செம்பவாங் கப்பல் பட்டறையில் வெல்டர், முப்பத்து நான்கு வயது. ஒன்பதாம் கட்டிலில் சிராங்கூன் ரோட்டு மளிகைக்கடைக்காரர், நாற்பத்தைந்து. இருவருக்கும் கால் விறைத்து நடை இழுத்தது. மூளைக்குள் நரம்புகளுக்கு உறைபோட்ட வெள்ளைப் பகுதி என்று ஒன்று உண்டு. அப்போதுதான் வந்திருந்த ஸ்கேனில் இருவருக்கும் அந்தப் பகுதி கறுத்துத் தெரிந்தது.

பெரிய டாக்டர் இரண்டு படங்களையும் விளக்குப் பெட்டியில் மாட்டினார், கைகளைக் கட்டினார், "ஒரே நோய்" என்றார். அவர் சொன்னால் நோயே மாறிக்கொள்ள வேண்டியதுதான். இது பரம்பரையில் வருமா என்று தெரிந்துகொள்ள ஒரே ஒரு கேள்வி கேட்டார். "வீட்டில் வேறு யாருக்காவது இப்படி உண்டா?"

"இல்லை டாக்டர்" என்றார் கடைக்காரர். அவருக்குக் கல்யாண வயதில் இரண்டு பெண்கள். "இல்லவே இல்லை டாக்டர்" என்றான் ஆன்டனி. அவனுக்குக் கல்யாணம் ஆகாத தங்கை ரீத்தா. எந்தத் தமிழன் வார்டு நடுவில் நின்று, எங்கள் குடும்பத்தில் நோய் உண்டு என்று தண்டோரா போடுவான்? 'பரம்பரை: இல்லை' என்று இரண்டு ஃபைலிலும் எழுதியாயிற்று. பெரிய டாக்டர் இருவரையும் வைத்து ஒரு கட்டுரை எழுத ஆரம்பித்து, தலைப்பைக்கூட டைப் அடித்துவிட்டார்.

இதற்கிடையில் ஆன்டனிக்குக் குடலிறக்கம். மறுநாள் காலை ஆபரேஷன். அன்றைக்கென்று ஃபைல் கொண்டுவந்த சம்பந்தி, ஆன்டனியைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார்.

"சிஸ்டர், இது நம்ம ஆன்டனியா? இவன் ஏன் கறுத்துட்டான்?"

"வெயில்ல வேலை பாக்குறாங்க அண்ணே."

"அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி இவனுக்குப் பொண்ணு பாத்தப்ப மாநிறம்னு எழுதினேன். அப்பவும் அதே பட்டறை, அதே வெயில்தான். என் நோட்டு தப்பாகாது."

அட ராமா! ஒரு மனுஷன் நடக்க முடியாமல் கிடக்கிறான், இவருக்குத் தன் நோட்டின் மானம் பெரிதாகிவிட்டது. அதற்குள் ஆன்டனியின் கையைப் பிடித்து விரித்துவிட்டார். உள்ளங்கை ரேகைகள் மை தீட்டியதுபோல் கறுத்திருந்தன. வாயைத் திறக்கச் சொன்னார். ஈறிலும் கறுப்புத் திட்டுகள்.

"உள்ளங்கையில வெயில் அடிக்குமா சிஸ்டர்? வாய்க்குள்ள அடிக்குமா?"

எனக்கு வாய் அதிகம்தான். அன்றைக்கு டார்ச்சை எடுத்து ஆன்டனியின் வாயைப் பார்த்தேன்.

நோட்டைப் புரட்டினார். "டேய் ஆன்டனி, டாக்டர்கிட்ட என்னடா சொன்ன? உன் தாய்மாமன் பல்லு புடுங்கப் போனவரு, ரெண்டு நாள் வாந்தியெடுத்துச் செத்தாரா இல்லையா? உன் பெரியம்மா மகன் கால் வெறச்சுப் படுத்தானா இல்லையா?"

ஆன்டனி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். "ரீத்தாவுக்குக் கல்யாணம் ஆகட்டும் அண்ணே. அப்புறம் எல்லாத்தையும் சொல்றேன்."

வார்டின் சின்ன டாக்டரும் தமிழ்ப் பையன்தான். சம்பந்தியின் தொல்லைக்குப் பயந்து ரெக்கார்ட் ரூம் இருக்கும் தளத்துக்கே போகமாட்டார். அன்று அவரை மடக்கிப் பிடித்து நோட்டைக் காட்டினோம்.

"இங்க பாருங்க டாக்டர், இவனுக்கு எல்லாம் அம்மா வழி. விழறது பூரா ஆம்பளைங்க. பொம்பளைங்க நல்லாத்தான் இருக்காங்க, ஆனா அவங்க வழியாத்தான் எறங்குது. ஒம்போதாம் கட்டில் கதையே வேற. அவரோட அப்பா, அத்தை, தாத்தா, ஆம்பள பொம்பள வித்தியாசமே இல்ல. எல்லாருக்கும் மொதல்ல ஒத்தத் தலைவலி, அம்பதுக்குள்ள பக்கவாதம். இது ரெண்டும் எப்படி ஒரே நோய் ஆவும்? கல்யாணப் போட்டோல எல்லா மாப்பிள்ளையும் ஒரே மாதிரிதான் லா இருப்பான்!"

சின்ன டாக்டர் முகம் மாறி எங்களுக்கு விளக்கினார். சிறுநீரகத்துக்கு மேலே குல்லாய்போல் ஒரு சுரப்பி இருக்கிறது. காலை விறைக்க வைக்கும் பரம்பரை நோய் ஒன்று அதையும் கெடுக்கும், கெட்டால் தோல் கறுக்கும். கத்தி பட்டால் உடம்பு தாங்காது. ஆபரேஷன் நன்றாக முடியும், ஆள்தான் மிஞ்சமாட்டான். மாமனுக்குப் பல்லில் நடந்தது இவனுக்கு நாளைக் காலையில் நடக்கும்.

"பிளட் டெஸ்ட் எடுக்குறேன் அங்கிள். ஆனா ரிசல்ட் நாளைக்குச் சாயந்திரம்தான் வரும். பெரியவர் வெயிட் பண்ணமாட்டார்."

பண்ணவில்லை. "ஃபைல் கிளார்க்கைக் கேட்டா நான் வைத்தியம் பார்க்கணும்?" என்று சின்ன டாக்டரை விரட்டிவிட்டார்.

மறுநாள் காலை ஆன்டனியின் ஃபைலைக் காணவில்லை. ஃபைல் இல்லாமல் ஆபரேஷன் அறைக் கதவு திறக்காது. எங்கள் ரெக்கார்ட் ரூமில் ஃபைல் தொலைவது புதிதல்ல. வேண்டுமென்றே தொலைந்தது அதுதான் முதல் தடவை.

பெரிய டாக்டர் தானே இறங்கி வந்து கத்தினார். "எங்கேய்யா ஃபைல்?"

"தேடிக்கிட்டே இருக்கேன் டாக்டர்" என்றார் சம்பந்தி, நாற்காலியில் இருந்து எழுந்திருக்காமல். வழக்கத்தைவிட இரண்டு அங்குலம் உயரமாகத் தெரிந்தார். எனக்கு மட்டும் காரணம் தெரியும், ஃபைலின் மேல்தான் உட்கார்ந்திருந்தார். டீக்கு எழவில்லை, சாப்பாட்டுக்கு எழவில்லை. பாத்ரூமுக்குக்கூட எழவில்லை. பேச்சு வாங்கி வாங்கி முகம் தொங்கிப்போயிற்று.

"வேலை போயிடும் அண்ணே" என்றேன்.

"போவட்டும் சிஸ்டர். புள்ளையோட உயிரு போச்சுன்னா அந்தப் பக்கத்துல நான் என்னான்னு எழுதுவேன்?"

சாயங்காலம் ரிசல்ட் வந்தது. சின்ன டாக்டர் பயந்தது சரி. ஆன்டனிக்கு அந்தச் சுரப்பி ஏறக்குறைய செத்திருந்தது. மருந்து ஏற்றி, ஒரு வாரம் கழித்து ஆபரேஷன் செய்தார்கள். பிழைத்தான். கால்கள் திரும்பவில்லை, அதற்கு மருந்து இல்லை. வெளிநாட்டுக்கு அனுப்பிய அவன் ரத்தம் நோயின் பெயரை உறுதிசெய்தது. கடைக்காரரின் நோய்க்கு அப்போது எங்களிடம் பெயர்கூட இல்லை. தப்பான பெயராவது நீங்கியது. பெரிய டாக்டரோ, உள்ளங்கையைப் பார்த்துத் தான் முதலிலேயே சந்தேகப்பட்டதாக மாணவர்களுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார்.

சம்பந்திக்குக் கிடைத்த பரிசு, பிணவறை ஆபீசுக்கு மாற்றல். அங்கே யாருக்கும் வரன் தேவைப்படாதே!

சின்ன டாக்டர் ரீத்தாவைக் கூப்பிட்டு, அவளும் அந்த நோயைச் சுமந்துகொண்டிருக்கலாம், பிறக்கும் மகனுக்கு அது இறங்கக்கூடும் என்று விளக்கினார். அவள் அழுதுகொண்டு போனாள். அவளுக்கு வரன் பேசிக்கொண்டிருந்தவரே சம்பந்திதான். அந்த வாயில் இது விழுந்தால் தேக்கா கடைத்தெரு முழுக்கப் பரவ ஒரு மத்தியானம் போதும். பிணவறை ஆபீசுக்கு ஓடினேன்.

"அண்ணே, ரீத்தா விஷயம் நோட்டுல எழுதிட்டீங்களா?"

"எந்தப் பக்கத்துல எழுதறது?" என்றார். நோட்டைத் திறந்து காட்டினார். ஆன்டனி குடும்பத்தின் பக்கத்தைக் கிழித்திருந்தார். "அது அந்தப் பொண்ணு சொல்லவேண்டிய விஷயம். கட்டிக்கப் போறவன்கிட்ட அவளே சொல்லட்டும். அதுல என் வாய்க்கு வேலை இல்ல."

ரீத்தா சொன்னாள். ஒருவன் ஓடிப்போனான். அடுத்தவன் ஓடவில்லை. அந்தக் கல்யாணத்துக்குச் சம்பந்தி வந்தார். சர்ச் வாசலில் நாலு பேர் சூழ்ந்துகொண்டு, அண்ணனுக்கு என்ன நோய் என்று துருவினார்கள். "எனக்கு என்னா தெரியும் லா? நான் வெறும் ஃபைல் கிளார்க்" என்றார். நாற்பது வருஷம் ஊர்க்கதை பேசிய மனுஷன் சாகும்வரை அதை மட்டும் சொல்லவில்லை.

அவர் போன பிறகு அவர் மனைவி அந்த நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். 'வாய் அதிகம்' இன்னும் அப்படியே இருக்கிறது. நான் அதைத் திறப்பது என் பக்கத்தைப் பார்க்க அல்ல. அந்தக் கிழிந்த ஓரத்தை விரலால் ஒருமுறை தடவிவிட்டு மூடிவிடுகிறேன்.