மாமன் மடியும் பைத்தானும்

ஒரே வேலையில் இருபது வருஷம் குப்பை கொட்டியவனுக்குப் புதிதாக எதையும் சொல்லிக்கொடுக்க முடியாது. பாடம் ஆரம்பிக்கும் முன்பே, "இது தெரிந்ததுதானே" என்று பக்கத்தைத் தள்ளிவிடுவான். நான் தள்ளினேன்.

சேலத்து ஜவுளிக் கடைகளுக்கு பாக்ஸ்புரோ என்ற பழைய கம்ப்யூட்டர் மொழியில் பில் போடும் புரோகிராம் எழுதியே தலை நரைத்தவன் நான். அந்த மொழியை நம்பினால் இனி சோறு கிடைக்காது என்று தெரிந்ததும் பைத்தான் என்ற புது மொழியைக் கற்க உட்கார்ந்தேன். (உட்கார்ந்தது உண்மை. கற்றேன் என்பதெல்லாம் கொஞ்சம் ஓவர்.)

அந்தச் சமயத்தில்தான் மகள் யாழினிக்குக் காதுகுத்து. புதுச்சத்திரம் பக்கத்தில் எங்கள் குலதெய்வக் கோயிலில், காலை ஒன்பது மணிக்கு. முதல் நாள் பூசாரி போன் செய்து, வேறொரு குடும்பத்தின் கிடாவெட்டு இருப்பதால் ஏழு மணிக்கே முடித்துக்கொள்ளச் சொன்னார். சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் உடனே சொல்லியாக வேண்டும்.

நான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டேன். ஆளாளுக்குப் போன் போடுவதெல்லாம் அந்தக் காலம். பைத்தானில் நாலு வரி எழுதினால் எல்லோருக்கும் மெசேஜ் பறக்கும். பெயர்களை வரிசையாகக் கொடுத்தேன். முறைப்படி முதல் பெயர் தாய்மாமன்: மேச்சேரியில் இருக்கும் என் மனைவியின் அண்ணன் செல்வராசு.

"ஏனுங்க, அண்ணனுக்கு மட்டும் ஒரு போன் பண்ணிச் சொல்லிப்போடறனுங்க," என்றாள் மனைவி கவிதா.

"எதுக்கு? அதான் புரோகிராம் சொல்லீருமே. எம்மேல நம்பிக்கை இல்லியா?"

பாக்ஸ்புரோவில் வரிசையின் முதல் ஆளுக்கு எண் ஒன்று. பைத்தானில் முதல் ஆளுக்குப் பூஜ்யம். பழக்க தோஷத்தில் நான் ஒன்றிலிருந்து அனுப்பச் சொல்லியிருந்தேன். அதுவும் சொன்னபடி கேட்டது. ஒன்றுவிட்ட பெரியப்பாவின் சம்பந்தி வரைக்கும் செய்தி போனது. தாய்மாமனுக்கு மட்டும் போகவில்லை.

காலை ஏழு மணி. ஆசாரி ஊசியோடு தயார். குழந்தையை உட்காரவைக்க மாமன் மடி இல்லை. கவிதா போன் செய்தாள்.

"ஒம்பது மணிக்குத்தான சாமி? இப்பத்தான் கிடாய வண்டில ஏத்தறேன்," என்றார் அவள் அண்ணன்.

பூசாரி காத்திருக்க மறுத்துவிட்டார். கடைசியில் கவிதாவின் சித்தப்பா மகன் மடியில் உட்காரவைத்துக் குத்தினோம். யாழினி அழுதாள். அவள் அம்மா அதைவிட அதிகமாக அழுதாள்.

ஒன்பது மணிக்கு மச்சான் வந்து இறங்கினார். புதுச் சட்டை, சீர்த்தட்டு, தங்கத் தோடு, மேச்சேரிக் கிடா. மருமகளின் காதைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டார். நான் பூஜ்யம், ஒன்று என்று விளக்க ஆரம்பித்தேன். (அந்த இடத்தில் பைத்தான் வகுப்பெடுத்த என்னை எந்தச் செருப்பால் அடிப்பது?)

"உடுங்க மாப்ளே," என்றார். "புள்ளைக்கு ரொம்ப வலிச்சுதா?"

திட்டியிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன். ஆல்பத்தில் வேறொருவர் மடியில் மகள் அழும் படம் வரும்போதெல்லாம் இன்றும் அவசரமாகப் பக்கத்தைத் தள்ளிவிடுகிறேன்.

பைத்தானை இப்போது ஒழுங்காகவே எழுதுகிறேன். ஆனால் மச்சானுக்கு எந்தச் சேதியானாலும் நானேதான் போன் செய்கிறேன். எடுத்ததும் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, "ஏனுங் மாப்ளே, பேசறது நீங்களா, உங்க புரோகிராமா?" என்பார். பின்னால் அவர் வீடே சிரிக்கும்.

"நான்தானுங்க மச்சான்," என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.