தேங்காயெண்ணெய் போட்ட துவக்கு

மார்கழியிலை ஒரு சனிக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒண்டே ஒண்டு. முதலாளியிட்டை மூண்டு கிழமை லீவு கேக்கிறது.

வேறை ஒண்டுமில்லை. "சிஞ்ஞோரே, லீவு வேணும்" எண்டு வாயைத் திறந்து கேட்டால் முடிஞ்சுது. சின்னப் பிள்ளையும் செய்யும். நான் செய்யேல்லை.

தை மாசம் யாழ்ப்பாணத்திலை என்ரை தங்கச்சி மலருக்குக் கலியாணம். அப்பா இல்லை. தாரை வாத்துக் குடுக்க அண்ணன் நான்தான் நிக்கவேணும். என்ரை மனிசி வாசுகி, நான் லீவு கேக்க முதலே டிக்கெட் எடுத்திட்டாள். திகதி மாத்தேலாத டிக்கெட்!

"எப்பிடியும் விடுவினம்தானே" எண்டாள்.

விடுறது ஆர், இவளின்ரை மாமாவோ?

நான் இத்தாலியிலை மொண்டெல்லோ எண்ட கடற்கரை ஊரிலை ஒரு வயசு போன சோடியின்ரை வீட்டிலை வேலை செய்யிறன். சமையல், துப்புரவு, தோட்டம், நாயை நடத்துறது. கோடையிலை நிக்க இடமில்லாத ஊர், மார்கழியிலை காகமும் இல்லை. சிஞ்ஞோரே எண்டால் ஐயா, என்ரை முதலாளி, அவருக்கு எழுபத்தாறு வயசு. ஆள் தங்கமான மனிசன். ஒரேயொரு விசர்தான். துவக்கு.

பயப்பிடாதேங்கோ. ஆளைச் சுடுற துவக்கில்லை. குழல் வாயாலை வெடிமருந்தைக் கொட்டி, குண்டை வைச்சு, கம்பியாலை இடிச்சு வெடிக்கிற பழங்காலத்து மாதிரி. எங்கடை வன்னியிலை இடியன் எண்டு சொல்லுவினமே, அதின்ரை இத்தாலிப் பெரியப்பன். மாசத்திலை ஒரு ஞாயிறு இவரும், இவரைப் போல வேலைவெட்டி இல்லாத பத்துக் கிழவரும் மலைப்பக்கம் இருக்கிற சுடுற இடத்துக்குப் போவினம். கடதாசியைச் சுடுவினம். பேந்து மூண்டு மணித்தியாலம் சாப்பிடுவினம். இதுக்குப் பேர் விளையாட்டு.

அந்தச் சனிக்கிழமை நான் போன நேரம் சாப்பாட்டு மேசையிலை துவக்குக் கிடக்குது. பக்கத்திலை சிஞ்ஞோரே, செத்த வீட்டிலை இருக்கிற மாதிரி.

"நாளைக்குப் போட்டி, கூமார்" எண்டார். என்ரை பேர் குமார். பத்து வருசமாய் கூமார்தான். "போன முறை பத்துத்தரம் சுட்டன். ஆறுதரம் 'டிக்' எண்டிட்டு சும்மா நிண்டிட்டுது. எதிர்வீட்டு இஞ்சினியர் சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுக்குள்ளை கேக்குது."

எதிர்வீட்டு இஞ்சினியர்தான் ஏழு வருசமாய் முதலாம் ஆள். ரண்டு பேரும் காலமை ஒருத்தரை ஒருத்தர் கட்டிப்பிடிச்சு வணக்கம் சொல்லுவினம். உள்ளுக்குள்ளை ஒருத்தரை ஒருத்தர் சுட்டிருப்பினம்.

வருத்தம் என்னெண்டால், துவக்கின்ரை குதிரை எண்ட சின்னச் சுத்தியல் விழுந்து அடிக்கிற இடத்திலை ஓட்டை போட்ட ஒரு சின்ன இரும்புக் குமிழ் இருக்கு. அதிலை செம்புத் தொப்பி ஒண்டை மாட்டுறது. குதிரை அடிக்க, தொப்பி பொறிஞ்சு, நெருப்பு அந்த ஓட்டையாலை உள்ளை போய் மருந்தைக் கொளுத்தும். இந்தக் குமிழ் தேஞ்சு போச்சு. புதுசு வாங்கி வைச்சிருக்கிறார். பழசு துரு ஏறி இறுகிக் கழருதில்லை.

"கடையிலை குடுக்கலாமே, சிஞ்ஞோரே?"

குசினிக்குள்ளை இருந்து அவரின்ரை மனிசி சிஞ்ஞோராவின்ரை குரல் வந்துது. "துவக்குக் கடைக்கு ஒரு சதமும் இல்லை! போன கிழமைதான் கூரைக்குக் குடுத்தது. தலைக்கு மேலை ஒழுகேக்கை இவருக்குத் துவக்குக் கேக்குதாம்!"

சிஞ்ஞோரே சட்டைக் கழுத்தை விலத்தித் தோளைக் காட்டினார். கத்தரிக்காய் நிறத்திலை கண்டிப் போய்க் கிடக்குது. வெடிக்கேக்கை துவக்கின்ரை மரக்கட்டை பின்னாலை வந்து இடிக்கிறதாம். கட்டைக்கு ஒரு றப்பர் மெத்தையும் போடவேணுமாம். அதுக்கும் காசில்லை.

இந்த இடத்திலைதான் நான் வாயைப் பொத்திக்கொண்டு லீவு கேட்டிருக்க வேணும்.

"சிஞ்ஞோரே, நான் செய்து தாறன்."

"நீயோ?"

"ஓம். என்ரை பெரியப்பா வன்னியிலை உந்தத் துவக்குச் செய்யிறவர். நான் சின்னனிலை அவரோடை நிண்டு பழகினனான்."

என்ரை பெரியப்பா சுன்னாகத்திலை தையல்கடை வைச்சிருக்கிறவர். நான் பழகினது பொத்தான் தைக்க. வன்னிக்கு நான் ரண்டுதரம் போனனான், ரண்டும் பஸ்ஸிலை, நித்திரையிலை.

சிஞ்ஞோரேயின்ரை முகம் லைட் போட்ட மாதிரி வந்துது. உடனை நான் லீவுக் கதையை எடுத்தன். தங்கச்சி, கலியாணம், அப்பா இல்லை, எல்லாம் சொன்னன்.

"நாளைக்கு நான் இஞ்சினியரை வெண்டால் நீ போ!" எண்டார். "தோத்தால் பாஸ்குவாவுக்குப் பிறகு கதைப்பம்."

பாஸ்குவா எண்டால் ஈஸ்டர். அதுக்குள்ளை மலருக்கு வயித்திலை பிள்ளையும் வந்திடும்.

மத்தியானம் சாப்பிட்டிட்டு சிஞ்ஞோரே நித்திரைக்குப் போனார். நான் குசினி மேசையிலை பேப்பரை விரிச்சுத் தொழிற்சாலையைத் திறந்தன்.

குமிழை அதுக்கெண்டு இருக்கிற சாவியாலை திருகினன். அசையேல்லை. தொங்கினன். மேசை அசைஞ்சுது, குமிழ் அசையேல்லை. எண்ணெய் விட்டால் இளகும் எண்டது தெரியும். மெசின் எண்ணெய் இந்த வீட்டிலை இல்லை. ஒலிவ் எண்ணெயிலை கைவைச்சால் சிஞ்ஞோரா என்ரை கையை எடுத்திடுவா.

அப்பதான் என்ரை பையிலை கிடந்த தேங்காயெண்ணெய் ஞாபகம் வந்துது. காலமை வேலைக்கு வரமுதல் பல்லாரோ சந்தையிலை, எங்கடை ஆக்களின்ரை கடையிலை, வீட்டுக்கெண்டு வாங்கினது. மார்கழிக் குளிருக்கு போத்திலுக்குள்ளை வெள்ளை வெளேரெண்டு மெழுகாய்க் கட்டிபட்டுக் கிடக்குது. பெருமையாய் அதைச் சுடுதண்ணிச் சட்டிக்குள்ளை நிப்பாட்டி உருக்கினன்.

திரும்பச் சொல்லுறன். குளிருக்குக் கட்டிபட்டதை, என்ரை கண்ணாலை பாத்து, என்ரை கையாலையே உருக்கினன். அப்பவாவது மண்டைக்குள்ளை ஒரு மணி அடிச்சிருக்க வேண்டாமோ? அடிக்கேல்லை.

எண்ணெயை விட்டு அரை மணித்தியாலம் விட்டன். திருகினன். கழண்டுது! குசினிக்குள்ளை தனிய நிண்டு துள்ளினன். நாய் பயந்து வெளியிலை ஓடிட்டுது.

இனி இறுகக்கூடாது எண்டு புதுக் குமிழுக்கும் தாராளமாய் எண்ணெய் விட்டன். குமிழுக்கு விட்டன், குமிழ் பூட்டுற ஓட்டைக்கு விட்டன், ஓட்டைக்குப் பின்னாலை இருக்கிற ஓட்டைக்கும் விட்டன். மிஞ்சினதைக் கட்டைக்குப் பூசித் தேய்ச்சன். கட்டை குளிப்பாட்ட எண்ணெய் பூசின பிள்ளை மாதிரிப் பளபளத்துது.

கட்டையின்ரை அடியிலை பித்தளைத் தகடு ஒண்டு கறுத்துப் போய் இருந்துது. பித்தளை கறுத்திருந்தால் எங்கடை ஆக்களின்ரை கை சும்மா இருக்குமோ? அதே பையிலை புளியும் இருந்துது. குத்துவிளக்கு மினுக்கிற மாதிரி போட்டு மினுக்கினன். முகம் தெரிஞ்சுது.

பேந்து மெத்தை. தோட்டத்து அறையிலை நீல நிற றப்பர்ச் செருப்பு ஒண்டு, இடது கால், தனிய அனாதையாய்க் கிடந்துது. வெட்டினன், பசை போட்டன், ஒட்டினன். செலவு எவ்வளவு? ஒண்டுமில்லை! சிஞ்ஞோரா எனக்குச் சிலை வைக்கவேணும்.

சிஞ்ஞோரே எழும்பி வந்து பாத்தார். தகட்டை விரலாலை தடவினார்.

"கூமார், இந்தத் தகடு கறுக்கிறதுக்கு நான் ஒன்பது வருசம் காத்திருந்தனான்."

பழசாய்த் தெரியவேணுமாம். காசு குடுத்துப் புதுசாய் வாங்கி, அது பழசாகும் வரைக்கும் காத்திருக்கிற சாதி. எனக்கெப்பிடித் தெரியும்?

ஆனால் கட்டையை மணந்து பாத்தார். "என்ன வாசம்!" எண்டார். குமிழைத் தட்டிப் பாத்தார். தோளிலை தட்டினார். நான் தப்பிட்டன்.

ஞாயிறு விடிய என்னையும் காரிலை ஏத்திக்கொண்டு போனார். சிஞ்ஞோராவும் வந்தா, கோப்பிப் போத்திலோடை. மலைக்கு ஏற ஏறக் குளிர். மூக்கு என்ரை முகத்திலை இருக்குதோ எண்டு தொட்டுத் தொட்டுப் பாத்தன்.

வரிசையிலை கிழவர் எல்லாரும் நிக்கினம். சிஞ்ஞோரே மருந்தைப் போட முதல், வெறும் தொப்பி ரண்டு அடிச்சு ஓட்டையைத் துப்புரவாக்கப் பாத்தார். அதுதான் வழக்கமாம்.

"தேவையில்லை சிஞ்ஞோரே" எண்டன். "நான் எல்லாம் துப்புரவாக்கிட்டன். வன்னியிலை ஒருத்தரும் அப்பிடிச் செய்யிறேல்லை."

ஏன் சொன்னனான்? ஏன்?

மருந்தைப் போட்டார். குண்டை இடிச்சார். தொப்பியை மாட்டினார். குறி பாத்தார்.

டிக்.

வெடிக்காட்டிக் குழலை முன்னுக்கு நீட்டினபடி ஒரு நிமிசம் அசையாமல் நிக்கவேணும், அது அங்கத்தைச் சட்டம். நிண்டார். அந்த ஒரு நிமிசத்திலை மலரின்ரை கலியாணம் என்ரை கண்ணுக்கு முன்னாலை நடந்து முடிஞ்சுது. தாரை வாக்க அண்ணன் இல்லை. ஒண்டுவிட்ட சித்தப்பா வாக்கிறார்.

ரண்டாம் தொப்பி. டிக்.

பக்கத்திலை இஞ்சினியர் மூக்காலை ஒரு சத்தம் விட்டார்.

சிஞ்ஞோரே தலையைத் திருப்பாமல் பல்லைக் கடிச்சுக்கொண்டு கேட்டார். "உன்ரை பெரியப்பா இப்பிடியோ செய்யிறவர்?"

"அங்கை குளிர் இல்லை, சிஞ்ஞோரே..."

சொல்லேக்கைதான் மண்டைக்குள்ளை அந்த மணி அடிச்சுது. நேற்று அடிக்கவேண்டிய மணி! போத்தில். குளிர். வெள்ளை மெழுகு. ஐயோ கடவுளே, ஓட்டைக்குள்ளை தேங்காயெண்ணெய் கட்டிபட்டுக் கிடக்குது!

சொல்லுவமோ எண்டு வாயைத் திறந்தன். அதுக்குள்ளை மூண்டாம் தொப்பி.

டிக்... ஸ்ஸ்ஸ்ஸ்... டமார்!

என்ன வெடி! அதோடை ஒரு வெள்ளைப் புகை, அந்தப் புகைக்குள்ளை ஒரு வாசம். அசல் தேங்காயெண்ணெயிலை முறுக்குச் சுட்ட வாசம். மலை முழுக்க மணக்குது. பத்துக் கிழவரும் மூக்கைத் தூக்கிச் சுத்திப் பாக்கினம். "ஆர் பொரிக்கிறது?" எண்டு ஒருத்தர் கேட்டார்.

வெடிச்ச உதைப்பிலை பசை விட்டுட்டுது. நீலச் செருப்பு கட்டையிலை இருந்து கழண்டு, சிஞ்ஞோரேயின்ரை தோளுக்கு மேலாலை பறந்து, சிஞ்ஞோராவின்ரை காலடியிலை வந்து விழுந்துது.

சிஞ்ஞோரா குனிஞ்சு எடுத்தா. திருப்பிப் பாத்தா.

"இது என்ரை செருப்பெல்லோ! கோடை முழுக்கத் தேடினனான்! மற்றக் கால் என்ரை அலுமாரிக்குள்ளை பத்திரமாய்க் கிடக்குது!"

அதோடை இஞ்சினியர் முடிஞ்சார்.

மனிசன் சிரிக்கத் துவங்கினார். துவக்கைத் தூக்குவார், குறி பாப்பார், முறுக்கு வாசம் வரும், வயிறு குலுங்கும், குண்டு பக்கத்து மரத்துக்குப் போகும். கண்ணீரைத் துடைப்பார். திரும்பத் தூக்குவார். சிஞ்ஞோரா அங்காலை நிண்டு செருப்பை ஆட்டி ஆட்டி என்னை ஏசுறா. திரும்பக் குலுங்குவார். ஏழு வருசமாய்க் கை நடுங்காத மனிசன் அண்டைக்குக் கடதாசியிலை பட்டதே மூண்டு குண்டுதான்.

எங்கடை துவக்கோ, குழல் சூடாக எண்ணெய் உருகி எரிஞ்சு போச்சு. அதுக்குப் பிறகு ஒரு டிக்கும் இல்லை. சிஞ்ஞோரே தோள் நோக நோக, கோபத்திலை சிரிக்காமல் சுட்டார். கோபம் நல்லாய்க் குறி பாக்கும் போலை.

வெண்டிட்டார்! எனக்கு அழுகை வந்திட்டுது, பொய் சொல்லேல்லை. மலரின்ரை கையைப் பிடிச்சுக் குடுக்கப்போறன் எண்டு நினைக்க நினைக்கக் கண்ணீர் ஓடுது. கிழவர் எல்லாரும் துவக்குக்காக அழுறன் எண்டு நினைச்சு வந்து தோளிலை தட்டிச்சினம்.

சாப்பாட்டு மேசையிலை சிஞ்ஞோரே எழும்பி நிண்டு கிளாசைத் தூக்கினார். "இது வன்னி முறை! இவரின்ரை பெரியப்பாவின்ரை ரகசியம்! எண்ணெயும் ஒரு மருந்துதான்!" எண்டு பேச்சு. எல்லாரும் கைதட்டிச்சினம். நான் பாஸ்தாவைப் பாத்துக்கொண்டிருந்தன்.

பேந்து என்னைப் பாத்தார். "கூமார், மூண்டு கிழமை இல்லை. ஒரு மாசம் போ."

நான் எழும்பி அவரின்ரை கையைப் பிடிச்சன்.

"நானும் வாறன்" எண்டார். "பெரியப்பாவைப் பாக்கவேணும். அவரின்ரை பட்டறையிலை ஒரு நாள் நிண்டால் போதும்."

நான் சிஞ்ஞோராவைப் பாத்தன், இவா மறிப்பா எண்டு. "கூட்டிக்கொண்டு போ, ராசா" எண்டா. "ஒரு மாசம் இந்த வீடு சத்தமில்லாமல் இருக்கட்டும்."

அடுத்த நாள் டிக்கெட்டும் எடுத்திட்டார். எங்கடை பிளேன்தான். என்ரை பக்கத்துச் சீட்.

பெரியப்பாவுக்குப் போன் எடுத்து விசயத்தைச் சொன்னன்.

"துவக்கோ? டேய், எனக்குச் சீனவெடி கொளுத்தவே பயம்! என்னை ஏனடா உதுக்குள்ளை இழுத்தனீ?"

"ஒரு நாளைக்குத்தான் பெரியப்பா. ஏதாவது ஒரு இரும்பைக் கையிலை பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ."

"கத்திரிக்கோல்தான் இருக்கு!"

இஞ்சை வாசுகி தலையிலை கைவைச்சுக்கொண்டு இருக்கிறாள். பெரியப்பாவைக்கொண்டு சிஞ்ஞோரேக்குக் கலியாணத்துக்கு ஒரு கோட்டுத் தைச்சுக் குடுத்துச் சமாளிப்பம் எண்டு சொல்லுறாள். அளவு எடுக்கச் சொல்லி எனக்கு நாடாவும் தந்துவிட்டிருக்கிறாள்.

லீவு கேக்கப் போற ஆக்களுக்கு நான் சொல்லுறது இதுதான். பொய் சொல்லுறதெண்டால் வயித்துக்குத்து எண்டு சொல்லுங்கோ, வயித்துக்குத்தைப் பாக்க ஒருத்தரும் யாழ்ப்பாணத்துக்கு டிக்கெட் எடுக்க மாட்டினம்.