கிளைவ் தோற்க வேண்டும்

"இது யாரு மூஞ்சி?" என்று கேட்டபடி பிரெண்டா அந்தத் துண்டுப் பிரசுரத்தை டீக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

கிளைவ் ஆட்டர்ஷா எட்டிப் பார்த்தார். சந்தேகமே இல்லை, அவருடைய மூஞ்சிதான். 'உங்கள் வார்டு, உங்கள் வேட்பாளர்' என்று கீழே வேறு போட்டிருந்தது.

"பேருக்குத்தாம்மா நிக்கிறேன். இந்த வார்டுல எங்க கட்சி ஜெயிச்சதே கிடையாது. ஆளே நிறுத்தலைன்னா மானம் போயிடும்னு நார்மன் அழுதான்."

"ஜெயிச்சுட்டா?"

"ஹிலரி பொகாக் அம்மாவை எதிர்த்தா? நீ வேற!"

"ஜெயிச்சுட்டா, கவுன்சில் கூட்டம்னு நீங்க இங்கேயே கிடங்க. கேரவனுக்கு நான் மட்டும் தனியாப் போயிடுவேன். கோடை முழுக்க! சொல்லிட்டேன்."

கிளைவ் துண்டுப் பிரசுரத்தைக் கவிழ்த்து வைத்தார். காலமெல்லாம் பஸ் ஓட்டிச் சேர்த்த காசில் கடற்கரையில் வாங்கிய சக்கர வீடு அந்தக் கேரவன். அடுத்த வாரம்தான் சாவி கைக்கு வருகிறது. பிரெண்டாவோடு அதன் வாசலில் உட்கார்ந்து வறுத்த மீன் தின்னத்தான் அவர் ஓய்வே பெற்றார்.

கட்சியின் உள்ளூர்ச் செயலாளரான நண்பன் நார்மனிடம் ஓடினார்.

"டேய், என் பேரை எடுத்துடுடா!"

"கெடு முடிஞ்சுபோச்சே. ஓட்டுச் சீட்டே அச்சாயிடுச்சு. ஏண்டா பயப்படுற? உன்னை யாரு சீண்டப் போறா?"

கிளைவுக்கு நம்பிக்கை இல்லை. தாமே வீடு வீடாகப் போனார்.

"எனக்குப் போட்டுடாதீங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது. ரோட்டுக் குழியைக்கூட என்னால மூட முடியாது."

கதவைத் திறந்த கிழவர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "வர்றவன் எல்லாம் மூடுறேன் மூடுறேன்னு புளுகுறான். நீ ஒருத்தன்தான்யா யோக்கியன்!"

அவ்வளவுதான், தெருவெல்லாம் அதே பேச்சு. பயந்துபோய் திரையை இழுத்து மூடிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தார். அதுவும் வினையாகப் போயிற்று. சாப்பிடும் நேரத்தில் கதவைத் தட்டாத ஒரே வேட்பாளர் என்று பெயர் வாங்கிவிட்டார். ஜன்னலுக்கு ஜன்னல் அவர் பெயர் எழுதிய அட்டை முளைத்தது.

பிரெண்டா அவரோடு சரியாகப் பேசவில்லை. தினமும் நாயைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். திரும்பி வரும்போது நாய் நாக்கைத் தள்ளிக்கொண்டு வாசலிலேயே விழும். கோபத்தில் இப்படி நடக்கிறாளே, எல்லாம் என்னால்தானே என்று கிளைவ் உள்ளுக்குள் வெந்தார்.

தேர்தலன்று கூச்சமே படாமல் பொகாக் அம்மாவுக்கு ஓட்டைப் போட்டுவிட்டு வந்தார்.

மறுநாள் காலை நகர மன்றத்தில் எண்ணினார்கள். பிரெண்டாவும் கூடவே வந்திருந்தாள். இருவருக்கும் சமமான ஓட்டு. மறுபடி எண்ணினார்கள். மறுபடியும் சமம்.

"சட்டப்படி குலுக்கல்தான்" என்றார் தேர்தல் அதிகாரி. யாரோ கழற்றிக் கொடுத்த தொப்பியில் இரண்டு சீட்டைப் போட்டுக் கையை விட்டார். கிளைவ் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"ஹிலரி பொகாக்!"

"அப்பாடா!" என்று கிளைவ் போட்ட சத்தத்தில் மண்டபமே திரும்பிப் பார்த்தது. போன உயிர் திரும்பி வந்தது. நார்மனின் வழுக்கையில் ஒரு முத்தம் கொடுத்தார்.

"பிரெண்டா! கேரவனுக்கு ரெண்டு பேருமாப் போறோம்! கோடை முழுக்க!"

பிரெண்டா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தாள். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து அவர் அவள் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

பொகாக் அம்மா வந்து கை கொடுத்தார்.

"உங்க வீட்டம்மாவை நெனச்சாத்தான் பாவமா இருக்கு, மிஸ்டர் ஆட்டர்ஷா. அந்த நாயை இழுத்துக்கிட்டு வீடு வீடா ஏறி உங்களுக்கு ஓட்டுக் கேட்டாங்களே, என் புருஷனையே மாத்திட்டாங்க!"