சக்கரபாணி எழுதிய பல்லவி

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கேசட் கடை. அங்கே ஆர்டருக்குப் பாட்டு பதிந்து கொடுப்பது சக்கரபாணியின் உத்தியோகம். காலையிலிருந்து சாயங்காலம் வரை காதில் பாட்டு விழுந்து விழுந்து, ஒருநாள் அவருக்கு ஞானம் பிறந்தது. பாட்டு எழுத மூளையே வேண்டாம்!

இந்த ஞானத்தை வீட்டுக்கு வந்ததும் மனைவி தைலம்மாளிடம் கொட்டினார். அவள் அப்போதுதான் அடிபம்பிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து, குடத்தை இறக்கிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தைலா, எல்லாப் பாட்டும் ஒரே அச்சுடி. மொதல்ல நிலா. அப்புறம் கொடி மாதிரி இடுப்பு. அந்த இடுப்புல ஒரு குடம். பொண்ணு வெக்கப்படணும். அவ்ளோதான்!"

"அந்தக் குடத்துல தண்ணி இருக்குமாங்க?"

"பாட்டுல அதெல்லாம் எவன் கேக்குறான்?"

"ரொம்பிக்கினு இருந்தா கொடி தாங்காதேன்னு கேட்டேன்."

ரசனையில்லாதவர்களிடம் பேசுவது சக்கரபாணிக்குப் பிடிக்காது. ஆனால் வீட்டில் வேறு ஆளும் இல்லை.

சக்கரபாணி விழுப்புரத்துக்காரர். கல்யாணமான கையோடு பெருமுக்கல் பக்கத்தில் மாமனார் ஊரிலேயே தங்கிவிட்டார். ஊர் அவரை இன்றைக்கும் "தைலம்மா ஊட்டுக்காரரு" என்றுதான் சொல்கிறது. ஒருத்தராவது சொந்தப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டுமே! அது மனசை அரித்துக்கொண்டே இருந்தது. வருகிற ஆடித் திருவிழாவில் மைக்கில் "கவிஞர் சக்கரபாணி" என்று ஒரே ஒரு தடவை யாராவது அலறிவிட்டால் போதும், பிறந்த பயனை அடைந்துவிடுவார். கச்சேரிக்கு வருவது விழுப்புரத்து ராஜாங்கத்தின் இன்னிசைக் குழு. ராஜாங்கம் கூடப் படித்தவர். எழுதிக் கொடுத்தால் பாடுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

பாட்டு நிலா வரைக்கும் வந்து நின்றுவிட்டது. அதற்கு மேல் நகர மாட்டேன் என்றது.

"சத்தியம் எங்கங்க காணும்?" என்றாள் தைலம்மாள், கேப்பைக் களியைக் கிளறிக்கொண்டே.

"இன்னா சத்தியம்?"

"எந்தப் பாட்டா இருந்தாலும் ஆம்பள சத்தியம் பண்ணுவானே. வானத்த வளைச்சுச் சீலையாக் கட்டுறேம்பான், நட்சத்திரத்தப் பறிச்சுத் தலையில வைக்கிறேம்பான்."

சக்கரபாணி அசந்துபோனார். தன் சூத்திரத்திலேயே ஒரு ஓட்டை!

"ஆமாண்டி! சத்தியத்துல ஒரு சௌகரியம் பாரு. எவனும் கொண்டாந்து குடுக்க வேணாம்."

"ஆனா நம்மூருப் பொம்பளைங்க வானத்த வச்சிக்கினு இன்னா பண்ணுவாங்க? புரியிறாப்ல சொன்னாத்தான் கை தட்டுவாங்க. 'குடம் தூக்கி உன் இடுப்பு நோவ விடமாட்டேன்'னு பல்லவி. 'ஆட்டுக்கல்லு சுத்தி உன் கை செவக்க விடமாட்டேன்'னு சரணம்."

சக்கரபாணி யோசித்துப் பார்த்தார். இடுப்பு வருகிறது. குடம் வருகிறது. சூத்திரத்துக்கு ஒரு பங்கமும் இல்லை. நிலாவை மட்டும் ஓரமாக ஒதுக்கிவைத்தார்.

"அம்மன் வீதி ஒலா வந்து மேடைக்கு எதிர்ல நிக்கும் பாருங்க, அப்பப் பாடச் சொல்லுங்க. கூட்டம் ஜாஸ்தி. அப்படியே எம் பேரையும் ஒரு வார்த்த சேத்துக்கச் சொல்லுங்க."

இவளுக்கும் கலையார்வம் வந்துவிட்டதே என்று அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

திருவிழா அன்று அம்மன் மேடைக்கு எதிரே வந்து நின்றது. ராஜாங்கம் மைக்கைப் பிடித்தார். "அடுத்த பாடல், அன்பு மனைவி தைலம்மாளுக்காக அம்மன் முன்னிலையில் கவிஞர் சக்கரபாணி எழுதி வழங்குவது!"

பாட்டு முடிந்ததும் பெண்கள் பக்கம் கைதட்டல் ஓயவேயில்லை. ஆண்கள் பக்கம் ஏனோ மூச்சே இல்லை. பூசாரி மாசிலாமணி அம்மன் சப்பரத்திலிருந்து இறங்கிவந்து சக்கரபாணியின் வலது கையில் மஞ்சள் கயிறு ஒன்றைக் கட்டினார். பொன்னாடைக்கு வசதியில்லாத ஊர், கயிறாவது கட்டினார்களே என்று சக்கரபாணி பூரித்துப்போனார். வாழ்க்கையில் அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததே இல்லை.

மறுநாள் காலையில் தைலம்மாள் அவர் கையில் குடத்தைக் கொடுத்தாள்.

"இது இன்னாடி?"

"குடங்க."

"அது தெரியுது. என் கையில எதுக்கு?"

"எங்க ஊருல அம்மன் எதிர்ல வாய்விட்டுச் சொல்லிட்டா அது வேண்டுதலுங்க. அதான் பூசாரி காப்பு கட்டிட்டாரு. அடுத்த ஆடிக்குத்தான் அவுப்பாரு."

"அடியே, அது பாட்டுடி! பாட்டுல ஆயிரம் பொய் சொல்லுவாங்க!"

"அம்மனுக்கு அது எப்படிங்க தெரியும்?"

சக்கரபாணி பூசாரி வீட்டுக்கு ஓடினார்.

"பாடினது ராஜாங்கங்க, நான் வாயே தொறக்கல!"

"பாட்டு கவிஞர் சக்கரபாணியோடதுன்னு மைக்குல சொன்னாங்களே. ஊரே கேட்டுச்சே?" என்றார் மாசிலாமணி.

அதை மறுக்க சக்கரபாணிக்கு மனசு வரவில்லை. குடத்தோடு அடிபம்புக்குப் போனார்.

"கவிஞருக்கு வழி உடுங்கடி!" என்றாள் பாஞ்சாலி, பக்கத்து வீட்டுக்காரி. எல்லாரும் மரியாதையாக விலகினார்கள். இடுப்பில் வைத்தால் சிரிப்பார்கள் என்று அவர் குடத்தைத் தோளில் வைத்தார். தோளில் வைத்ததற்கும் சிரித்தார்கள்.

பாதித் தண்ணீரைச் சட்டையில் வாங்கிக்கொண்டு, மூச்சிரைக்க வீட்டுக்கு வந்து குடத்தை இறக்கினார்.

"முடிஞ்சுதாடி?"

தைலம்மாள் கயிற்றுக் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"பல்லவி முடிஞ்சுதுங்க. சரணத்துக்கு உளுந்து ஊறிக்கினு இருக்கு."