ககேத்திக்கு வாடகைக் காரா, மார்ஷ்ருத்காவா?

திபிலிசி,
மே மாதத்துக் கடைசி ஞாயிறு.

மதிப்பிற்குரிய பெரிய மச்சான் நோதார் அவர்களுக்கு, தங்கள் தங்கை லமாராவின் வீட்டுக்காரன் முர்மான் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சுகம். பத்தூமியில் மழை விட்டதா, அக்காவின் முழங்கால் வலி தேவலையா என்று லமாரா கேட்டு எழுதச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

எங்கள் பெண் தமூனாவின் கல்யாணத்துக்கு அக்டோபரில் மாப்பிள்ளை வீட்டுப் பக்கமான ககேத்திக்குப் போக, திபிலிசியில் இறங்கி வாடகைக் கார் எடுப்பது நல்லதா, மார்ஷ்ருத்கா வேனில் ஏறுவது நல்லதா என்று கேட்டிருந்தீர்கள். இதற்கு ஒரு வரியில் பதில் எழுதிவிடலாம். ஆனால் போன வாரம் நாங்கள் நிச்சயதார்த்தத்துக்குப் போய்வந்த கதையைச் சொல்லாமல் எழுதினால் அந்த ஒரு வரியின் அருமை உங்களுக்குத் தெரியாது.

வானிலை அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து நான் எங்கே போனாலும் மார்ஷ்ருத்காதான். வேன் நிரம்பினால் கிளம்பும், கையைக் காட்டினால் நிற்கும், பக்கத்து சீட்டுக்காரர் மடியில் கோழி இருந்தாலும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். உங்கள் தங்கை ஒத்துக்கொள்ளவில்லை. பெண்ணைப் பெற்றவர்கள் வெங்காய மூட்டைகளுக்கு நடுவிலிருந்து கசங்கிய உடுப்போடு இறங்கினால் சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள் என்றாள். நான் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். ககேத்தியில் ஒயின் இல்லாமல் விருந்து கிடையாது, பெண்ணின் அப்பன் குடிக்காமல் நிச்சயம் கிடையாது, குடித்துவிட்டு ஸ்டீயரிங்கைத் தொட்டால் போலீஸ் விடாது, உனக்கோ ஓட்டத் தெரியாது, பின்னே திரும்பி வரும்போது யார் ஓட்டுவது என்று கேட்டேன். "போறப்ப கௌரவமா போவோம், வர்றத அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள். எங்கள் வீட்டில் முடிவுகள் எப்படி எடுக்கப்படும் என்று உங்களுக்குத் தெரியாததா? நீங்கள் வளர்த்த தங்கைதானே.

காரைப் பார்த்ததும் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டி, ஸ்டீயரிங் வலது பக்கம். அன்றைக்கு எல்லோரும் கல்யாணம் காட்சி என்று காரெல்லாம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம், அந்த வாடகைக் கார்க் கடையில் மிஞ்சியது இதுதானாம். வண்டியெல்லாம் வலது ஓரமாகப் போகிற நம் நாட்டுச் சாலையில் வலது பக்கம் உட்கார்ந்து ஓட்டினால் முன்னால் போகும் லாரியின் முதுகைத் தவிர வேறொன்றும் தெரியாது மச்சான். எதிரே வண்டி வருகிறதா என்று இடது பக்கம் இருப்பவர்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். இடது பக்கம் இருந்தது உங்கள் தங்கை. கொம்போரி மலையில் ஒவ்வொரு வளைவிலும் "போகலாமா" என்று நான் கேட்பேன், "போங்க" என்பாள், நான் போவேன், எதிரே பேருந்து வரும். நாலாவது தடவை நான் திரும்பிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அவள் கண்களை இறுக்கி மூடிக்கொண்டு, சம்பந்தி வீட்டுக்காக மடியில் வைத்திருந்த தேன் கேக்கைக் கட்டிப் பிடித்தபடி "போங்க" சொல்லிக்கொண்டிருந்தாள்.

மலையுச்சியைத் தாண்டினால் சாலை முழுக்க ஆடு. கோடைக்கு மேலே ஓட்டிக்கொண்டு போகிற மந்தை. நிறுத்தினோம். மேய்ப்பவர் ஒருவர் ஜன்னலில் தலையை நீட்டி எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். ஊர்ப் பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. அதே ஊரில் கோயிலுக்கு எதிர்வீடு அவருடைய மைத்துனர் வீடாம், நொண்டுகிற குட்டி ஒன்று இருக்கிறதாம், மலையேற முடியாதாம், இறக்கிவிட்டுவிட்டுப் போனால் புண்ணியமாம். நான் வாயைத் திறப்பதற்குள் குட்டி பின் சீட்டில் இருந்தது. கேக்கும் பின் சீட்டில்தான் இருந்தது, ஏனென்றால் கையை வீசி ஆட்டை விரட்டுவதற்காக லமாரா அதைச் சற்று முன்னால்தான் பின்னே வைத்திருந்தாள். இதற்கு மேல் கேக்கைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

முதலில் குட்டியை இறக்கிவிட்டுப் போகலாம் என்றுதான் இருந்தோம். ஆனால் ஊருக்குள் நுழைந்த உடனே சம்பந்தி வீடு. வாசலில் சம்பந்தி ஷால்வா, அவர் மனைவி சியாலா, பக்கத்து தெலாவி நகர வங்கியில் வேலை முடிந்து நேரே வந்திருந்த நம் தமூனா, மாப்பிள்ளை லெவான், பின்னால் ஊர் பாதி. ஷால்வா ஓடிவந்து காரின் பின்கதவைத் திறந்தார். முகமெல்லாம் தேன் அப்பிய குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார். இந்தக் காலத்தில் யார் சம்பந்திக்கு உயிரோடு ஆட்டுக்குட்டி கொண்டுவருகிறார்கள் என்று சொல்லிக் கண் கலங்கினார். கையோடு சியாலாவிடம் கத்தி எங்கே என்றும் கேட்டார். லமாராதான் அது வெட்டுவதற்கு இல்லை, எங்கள் பெண் வளர்ப்பதற்கு என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிக் குட்டியைக் காப்பாற்றினாள். ஆடு என்றாலே பத்தடி தள்ளி நிற்கும் தமூனா என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுத முடியாது.

மேசையில் உட்கார்ந்தால் எனக்கு எதிரே கோயிலுக்கு எதிர்வீட்டுக்காரர். அவரும் விருந்தாளி. ஜன்னல் வழியே குட்டியைப் பார்த்தார், மந்தை அடையாளமாகக் காதில் இருந்த நீலச் சாயத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் எழுந்து நின்று நடந்தது முழுவதையும் சொல்லிவிட்டேன், கண்ணை மூடிக்கொண்டு வழி சொன்னது உட்பட. ஷால்வா சிரித்துச் சிரித்துப் பெஞ்சிலிருந்து விழப்போனார். அந்த மட்டில் தப்பித்தோம்.

ஆனால் உண்மையான ஆபத்து அதற்குப் பிறகுதான் வந்தது. ஷால்வா தோட்டத்தில் புதைத்த தாழியிலிருந்து மொண்டுவந்த ஒயினைக் குடிக்கிற மாட்டுக் கொம்பில் நிரப்பிக்கொண்டு, பிள்ளைகள் இருவரையும் வாழ்த்த எழுந்து நின்றார். எல்லோரும் எழுந்தார்கள். நானும் எழுந்தேன், கையில் எலுமிச்சைச் சாறு. ஷால்வா கொம்பை மெல்ல இறக்கினார். "சம்பந்தி, எங்க ஒயின்ல குறையா, இல்ல எங்க பையன்கிட்ட குறையா?" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவர் வருத்தமாகக் கேட்டார். மேசைக் கோடியில் தமூனாவின் முகம் வெளுத்துப்போயிற்று. வெளியே கார் நிற்கிறது, நான்தான் ஓட்ட வேண்டும் என்று முனகினேன். அது எனக்கே நொண்டிச் சாக்காகப் பட்டது. அப்போது லமாரா என் கால் மேல் மிதித்து, "குடிங்க. நான் காரைத் தள்ளிக்கிட்டாவது வர்றேன்" என்றாள். குடித்தேன். மச்சான், நல்ல ஒயின்.

கொம்பு இரண்டு சுற்று வந்த பிறகு ஒன்றைக் கவனித்தேன். மாப்பிள்ளை கோப்பையை உதட்டுக்குக் கொண்டுபோகிறான், மேசை சிரிக்கும்போது அப்படியே கீழே வைத்துவிடுகிறான். முகர்ந்து பார்த்தேன், ஆப்பிள் சாறு. ககேத்திக்காரர்கள் குடியிலேயே கிடப்பார்கள், பெண் என்ன பாடுபடுவாளோ என்று நான் மாதக்கணக்கில் தூங்காமல் கிடந்தது உங்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட நான் அன்றைக்கு அவன் குடிக்கவில்லையே என்று கொதித்துப்போனேன். சொந்த நிச்சயதார்த்தத்தில் ஒருவன் ஏமாற்றுகிறான் என்றால் அவனுக்கு ஏதோ நோய் இருக்க வேண்டும், அல்லது என் பெண் மேல் மனசு இல்லை. தோளைப் பிடித்துக் கொட்டகைப் பக்கம் தள்ளிக்கொண்டு போய், உண்மையைச் சொல்லிவிடு என்றேன்.

அவன் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டான். "நீங்க கார்ல வந்து இறங்கினப்பவே பாத்தேன் மாமா. அப்பா உங்கள விட மாட்டாரு. அத்தைக்கு ஓட்டத் தெரியாதுன்னு தமூனா சொல்லிருக்கா. ரெண்டு பேரும் பத்திரமா வீடு போய்ச் சேரணும்ல? அதான்."

"அதுக்காக உன் நிச்சயத்துல நீ குடிக்காம இருப்பியா?"

"கல்யாணத்துல சேத்துக் குடிச்சுக்கறேன். அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, மனசு விட்டுருவாரு."

நான் பிடித்துக் கசக்கியிருந்த அவன் சட்டையை நானே நீவிச் சரிசெய்தேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். அன்று அவன் பங்கையும் யாருக்கும் தெரியாமல் நானே குடிக்க வேண்டியதாயிற்று. மாப்பிள்ளைக்காக மாமனார் செய்ய வேண்டிய கடமை என்று நினைத்துத்தான் செய்தேன்.

சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பினோம். வலது பக்கம் லெவான், இடது பக்கம் லமாரா, பின் சீட்டில் நான். வழி நெடுக அவள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு சரியாகப் பார்த்துச் சொன்னாள், நடுநடுவே தமூனா சின்ன வயதில் செய்த குறும்பையெல்லாம் அவனுக்குச் சொன்னாள். நான் பாடியதாகச் சொல்கிறார்கள். எனக்கு நினைவில்லை. காரைக் கடையில் விட்டுவிட்டு, ராத்தங்கச் சொல்லியும் கேட்காமல், காலையில் திராட்சைக் கொடிகளுக்கு மருந்தடிக்க வேண்டும் என்று தெலாவி போகும் மார்ஷ்ருத்காவில் ஏறி நின்றுகொண்டே போனான் பையன். வேன் திருப்பம் தாண்டும்வரை லமாரா பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லா ஓட்டறான்" என்றாள். அவள் என்னைப் பற்றி இதுவரை அப்படிச் சொன்னதில்லை.

ஆகவே நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான்: கார் வேண்டவே வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு மார்ஷ்ருத்காவில் வாருங்கள். கசங்கினாலும் பரவாயில்லை, நீங்களும் குடிக்கலாம், அக்காவும் குடிக்கலாம், உங்களுக்காக ஓட்டுகிற மனிதர் மட்டும் குடிக்காமல் இருப்பார். உங்கள் வீட்டு மேசை என்றும் நிறைந்திருக்கட்டும், அதைச் சுற்றி உட்கார ஆளும் குறையாமல் இருக்கட்டும், அக்காவின் முழங்கால் கல்யாணத்தில் ஆடும் அளவுக்குத் தேறட்டும்.

தங்கள் அன்புள்ள மைத்துனன்,
முர்மான்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் தமூனா ஃபோன் செய்தாள். கல்யாணம் ககேத்தியில் இல்லையாம். ஷால்வா பிறந்ததிலிருந்து கடலையே பார்த்ததில்லை என்று அவளுக்கு இப்போதுதான் தெரியவந்ததாம். அதனால் கடலோரப் பத்தூமியிலேயே, உங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டார்கள். நீங்கள் காரும் எடுக்க வேண்டாம், வேனும் ஏற வேண்டாம். நாங்கள்தான் வருகிறோம், ககேத்திக்காரர்கள் கிராமத்தோடு வருகிறார்கள். ஷால்வா தாழி ஒன்றும் கொண்டுவருகிறார், தோட்டத்தில் ஆழமாக ஒரு குழி வெட்டிவைக்கச் சொன்னார். திபிலிசியிலிருந்து பத்தூமிக்கு வாடகைக் காரில் வருவது நல்லதா, ரயிலில் வருவது நல்லதா என்று யோசித்து உடனே எழுதவும்.