விரல்காரர்

பாகூர்ப் பக்கம் விரல்காரர் பார்க்காமல் ஒரு பிணமும் சுடுகாடு போனதில்லை. பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலம் அது. கொம்யூன் தலைவரான மேர் சாவுச் சீட்டுக் கொடுக்காவிட்டால்கூடச் சமாளிக்கலாம். விரல்காரர் தலையசைக்காவிட்டால் பாடை நகராது.

எல்லாம் ராமானுஜரால் வந்தது. அவர் திருவரங்கம் போய்ச் சேர்ந்தபோது குரு ஆளவந்தார் உயிர் பிரிந்து கிடந்தாராம். கையில் மூன்று விரல்கள் மடங்கியிருந்தன. குருவின் ஆசைகளை நிறைவேற்றுவதாக ராமானுஜர் ஒவ்வொன்றாய் வாக்குக் கொடுக்க, ஒவ்வொரு விரலாய் விரிந்ததாம். நாங்கள் கதையைக் கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். விரல்காரர் அதைத் தொழிலாக்கிக்கொண்டார்.

எழவு வீட்டில் நுழைந்ததும் பிணத்தின் கையைப் பிடிப்பார். விரல் மடங்கியிருந்தால், “இவருக்கு இன்னா கொறைன்னு சொல்லுங்கபா” என்று உட்கார்ந்துவிடுவார். பூரணாங்குப்பத்தில் ஒரு மாமியார், மருமகளை இனி வையமாட்டேன் என்று சொன்ன பிறகே, செத்துக் கிடந்த மாமனாரின் சுண்டுவிரல் விரிந்தது. காய்ச்சலில் கிடப்பவர்கள் இவரைக் கண்டாலே பத்து விரலையும் நீட்டி, “எனுக்கு ஒரு கொறையும் இல்ல, நீ போயிட்டு வா” என்பார்கள்.

நரம்பை அமுக்குகிறார் என்பது என் அண்ணனின் கட்சி. எங்கள் அப்பா செத்தபோது அவருடைய ஆள்காட்டி விரல் மடங்கியிருந்தது. கழனிக் கிணற்றுப் படலை அப்பா பூட்டியே வைத்திருந்தார். சேரி ஜனங்கள் அந்தக் கோடையில் குட்டைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“கெணத்த தொறந்து வுடறேன்னு சொல்லு தம்பி,” என்றார் விரல்காரர். “எல்லாரும் ஒண்ணுன்னாரு ராமானுஜரு. ஒங்கப்பாவுக்கு இப்பதான் புரிஞ்சிருக்குது.”

அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். விரல் நிமிர்ந்தது.

“நரம்புடா,” என்றான் என் காதில்.

கருமாதி முடிந்ததும் மறுபடி பூட்டப்போவதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். அதற்குள் விரல்காரரே செத்துப்போனார். அவருடைய ஆள்காட்டி விரல் மடங்கியிருந்தது. கிட்டே போக ஒருவருக்கும் தைரியமில்லை. அண்ணன்தான் போனான். மணிக்கட்டு நரம்பை அமுக்கினான். மறுபடி அமுக்கினான். இரண்டு கையாலும் நிமிர்த்திப் பார்த்தான். விரல் அசையவில்லை. அழுதுகொண்டிருந்த சேரிப் பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தார்கள். அவனுக்கு வேர்த்துக் கொட்டியது.

“பூட்டமாட்டேன் பெரிப்பா,” என்றான் அண்ணன்.

விரல் மெல்ல விரிந்து அவன் உள்ளங்கையில் படிந்தது. பாடையில் ஏற்றும்வரை அண்ணன் அந்தக் கையை விடவில்லை.

கிணறு இன்றும் திறந்துதான் கிடக்கிறது. எனக்கும் வயதாகிவிட்டது. படுக்கப்போகுமுன் என் விரல்களை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். நான் செத்து அவை மடங்கிக் கிடந்தால், என்ன குறை என்று கேட்க விரல்காரர் இல்லையே.